இணையவழிப் பாடத்தில் காப்பியும் ஆள்மாறாட்டமும்: அடுத்த செமஸ்டருக்கு முன் எதை மாற்றலாம்?

பாளை_விரிவுரை (கேள்வி)

வணக்கம். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரி. பி.ஏ. பொருளியல் இரண்டாம் ஆண்டில் ஒரு பாடம் முழுக்க இணையவழியில் நடக்கிறது. 180 பேர், பாதிக்கு மேல் தமிழ்வழி. களக்காடு, நாங்குநேரி, ராதாபுரம், சங்கரன்கோவில் என்று பல ஊர்க்காரர்கள். பெரும்பாலானவர்களுக்குக் கைப்பேசிதான் வகுப்பறை. மூடில் என்ற இணைய வகுப்புத் தளம். அகமதிப்பீடு 25: இரண்டு வினாடி வினா 15, அசைன்மென்ட் 10. செமஸ்டர் தேர்வு 75, அது கல்லூரியில் நேரில்.

பிரச்சினைகள் இவை. 20 கேள்வி வினாடி வினா காலை முதல் இரவு வரை திறந்திருக்கும். முதல் ஆள் முடித்த அரை மணி நேரத்தில் விடைகள் வாட்ஸப் குழுவில் வந்துவிடும். சாயங்காலம் எழுதுகிறவர்கள் 3 நிமிடத்தில் 20க்கு 20. அசைன்மென்ட்டில் ஏறக்குறைய 40 கோப்புகள் ஒன்றுபோல. முதல் பக்கத்தில் பெயரும் பதிவெண்ணும் மட்டும் வேறு. சில ஊர்களில் புரௌசிங் சென்டர்களே காசு வாங்கிக்கொண்டு மாணவரின் கணக்கில் நுழைந்து தேர்வை முடித்துக் கொடுப்பதாகத் தகவல். ஒரே ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பின் எண்) 11 பேர் எழுதியிருப்பது பதிவில் தெரிகிறது.

எழுத்து வேறு எங்காவது இருக்கிறதா என்று தேடும் ஒப்புமை மென்பொருளில் போட்டால் ஓர் ஆங்கில அசைன்மென்ட்டுக்கு 38% வருகிறது. தமிழ் அசைன்மென்ட் எல்லாவற்றுக்கும் 0%. தமிழ் விக்கிப்பீடியாவிலிருந்து அப்படியே எடுத்தது என்று கண்ணுக்குத் தெரிகிறவற்றுக்கும் 0%தான். துறையில், “யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி 10 சதவீதத்துக்கு மேல் போனால் தண்டனை, 38 என்றால் முதல் நிலைக் குற்றம்” என்கிறார்கள். இது சரியா? கேமரா வைத்துக் கண்காணிக்கும் மென்பொருள் விற்க ஒரு நிறுவனம் வந்திருக்கிறது. வாங்கலாமா?

---

வண்ணார்பேட்டை_அட்மின்

மேடம், முதல்ல வினாடி வினா. அங்கதான் ஓட்டை பெருசு, அடைக்கிறதும் அங்கதான் சுலபம்.

மூடில்ல ‘ரிவ்யூ ஆப்ஷன்ஸ்’னு ஒரு பகுதி இருக்கு. நாலு நெடுவரிசை: எழுதும்போது, முடிச்ச உடனே, முடிச்ச பொறவு தேர்வு இன்னும் திறந்திருக்கும்போது, தேர்வு மூடின பொறவு. யாரும் கை வைக்காம விட்டா, முடிச்ச உடனேயே சரியான விடையை அதுவே காட்டிக் கொடுத்துரும். உங்க வாட்ஸப் விடைத்தாள் அங்கிருந்துதான் வருது. நடு ரெண்டு நெடுவரிசையிலயும் எல்லா டிக்கையும் எடுத்துருங்க. விடையை மட்டும் எடுத்துட்டு மதிப்பெண்ணை விட்டா, எந்தக் கேள்வி தப்புன்னு பாத்து மீதியைப் பயலுக ஊகிச்சிருவாங்க. கேள்வித்தாளைத் திரும்பப் பாக்குற டிக்கும் போயிரணும். இல்லன்னா நிதானமா ஒவ்வொரு பக்கமா ஸ்கிரீன்ஷாட் எடுப்பாங்க. எல்லாமே ‘மூடின பொறவு’ நெடுவரிசையில மட்டும்.

அடுத்து கேள்வி வங்கி. 20 கேள்வியை வரிசை மாத்திக் கலைச்சுப் போட்டா போதும்னு பலரும் நினைக்குதாங்க. வரிசை மாறினா என்ன, கேள்வி அதேதானே? அலகுக்கு ஒரு வகைப்பிரிவு வச்சு, அதுல 40 கேள்வி போட்டு, 4 கேள்வியைத் தானா எடுக்கச் சொல்லுங்க. 5 அலகு, மொத்தம் 20. அப்படிச் செஞ்சா எந்த ரெண்டு பேருக்கும் பொதுவா வர்ற கேள்வி சராசரியா 2தான். அலகுக்கு 8 கேள்வி மட்டும் வச்சு 4 எடுத்தா பொதுவா 10 வரும், பாதி விடை வாட்ஸப்லயே கிடைச்சிரும். 200 கேள்வி எழுதுறது வேலைதான், ஒரு செமஸ்டர்ல முடியாது. 100ல ஆரம்பிச்சு வருசத்துக்கு 50 சேத்துக்கிட்டே போங்க. ஒண்ணு கவனிக்கணும்: ஒரே வகைப்பிரிவுல இருக்குற கேள்வியெல்லாம் ஏறத்தாழ ஒரே கடினத்துல இருக்கணும். இல்லன்னா ஒருத்தனுக்கு நாலும் லேசா வரும், இன்னொருத்தனுக்கு நாலும் கஷ்டமா வரும், நியாயமான புகாரா வந்து நிக்கும்.

பொருளியல்ல கணக்கு இருக்குல்லா? நெகிழ்ச்சி, பணவீக்க விகிதம், கூட்டு வட்டி இதெல்லாம் ‘கால்குலேட்டட்’ வகையில போடுங்க. சூத்திரம் ஒண்ணுதான், எண் ஆளுக்கு ஆள் மாறும். விடையை எத்தனை தசமம் வரைக்கும் ஏத்துக்கிடணும்னு விலக்கம் கொடுக்க மறந்தா, சரியா எழுதினவனுக்கும் தப்புன்னு காட்டும்.

நேரம்: கேள்விக்கு 75 விநாடி, 20 கேள்விக்கு 25 நிமிசம். திறந்திருக்கிற நேரம் 45 நிமிசம், அவ்வளவுதான். காலையிலருந்து ராத்திரி வரைக்கும் திறந்து வைக்கிறது வாசல் கதவைத் தாழ்ப்பாள் போடாம விட்டுட்டுத் திருடனைத் தேடுற கதை. கரண்ட் போச்சு, சிக்னல் போச்சுன்னா ‘யூசர் ஓவர்ரைடு’ போட்டு அந்த ஒருத்தருக்கு மட்டும் வேற நேரம் கொடுக்கலாம். எழுதினது நிமிசத்துக்கு ஒரு தடவை தானா சேமிப்பாகும்ங்கிறதால, மறுபடி நுழைஞ்சா விட்ட இடத்துலருந்து தொடரலாம். ஆனா கடிகாரம் நிக்காது. நேரம் முடிஞ்சா தானா சமர்ப்பிக்கச் சொல்லி வச்சிருங்க. அது வேலை செய்யணும்னா சர்வர்ல ‘கிரான்’னு, குறிச்ச நேரத்துக்குத் தானா நடக்குற வேலை ஓடணும். ஓடாத தளத்துல, இணைப்பு அறுந்து போனவங்க விடைத்தாள் சமர்ப்பிக்காமலே தொங்கும். அவங்க “நான் எழுதினேன், காணோம்”னு வருவாங்க, அது பொய்யும் இல்ல.

முன்னால போன கேள்விக்குத் திரும்பக் கூடாதுன்னு ஒரு அமைப்பு உண்டு. வேண்டாம். ஏமாத்துறவனை அது பெருசாத் தடுக்காது, நேர்மையா எழுதுறவனுக்குத்தான் எரிச்சல். பக்கத்துக்கு 5 கேள்வி வைங்க. மெதுவான நெட்டுக்கு அது தோது.

கணக்கு கைமாறுறது: பதிவெண்ணே யூசர்நேம், பிறந்த தேதியே பாஸ்வேர்டுன்னு பல கல்லூரியில கொடுக்குதாங்க. அது சென்டர்காரருக்கும் தெரியும், பக்கத்து வீட்டுப் பையனுக்கும் தெரியும். முதல் நுழைவுல கட்டாயமா மாத்தச் சொல்லுங்க. ஒரே நேரத்துல ஒரு கணக்குக்கு எத்தனை நுழைவுன்னு ஒரு வரம்பும் இருக்கு, அதை 1னு வைங்க. புதுசா ஒருத்தர் நுழைஞ்சா பழைய நுழைவு அறுந்துரும்.

---

பாளை_விரிவுரை

ரொம்ப நன்றி சார். ரிவ்யூ ஆப்ஷன்ஸ் நீங்கள் சொன்னபடிதான் இருக்கிறது, யாரும் தொடவில்லை. ஒரே ஐபியில் 11 பேர் என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாமா?

---

வண்ணார்பேட்டை_அட்மின்

கூடாது மேடம். கைப்பேசி நெட்டுல ஆயிரக்கணக்கான ஆட்கள் ஒரே பொது ஐபிக்குப் பின்னால வருவாங்க, கம்பெனிக்காரங்க அப்படித்தான் பங்கு போட்டுக் கொடுக்குதாங்க. ஹாஸ்டல் வைஃபையும் அப்படித்தான். புரௌசிங் சென்டர்ல உக்காந்து தானே எழுதுற பிள்ளையும் இருக்கு, வீட்டுல நெட்டு இல்லைன்னா எங்க போகும்?

ஐபியைத் தேடல் கருவியா வச்சுக்கிடுங்க. அந்த 11 பேர்ல யார் யார் ஒருத்தர் முடிச்ச உடனே அடுத்தவர் தொடங்கிருக்காங்க, அதே உலாவியா, அதே வேகமா, அதே தப்பான விடையான்னு பாருங்க. இதுல கனமானது கடைசிதான். சரியான விடை ஒத்துப் போறதுல ஒண்ணுமில்ல, படிச்ச ரெண்டு பேருக்கும் அது ஒண்ணாத்தான் வரும். ரெண்டு பேரும் தப்பு விட்ட கேள்வியை மட்டும் தனியா எடுங்க. நாலு விருப்பத்துல தப்பு மூணு; குருட்டுத்தனமா அடிச்சா மூணுல ஒரு தடவை ஒத்துப் போகும். 8 தப்புல 8ம் ஒரே தப்புன்னா கேள்வி கேக்கலாம். ஆனா சில தப்பு விடை வகுப்பே போடுற தப்பா இருக்கும், ஏன்னா வாத்தியார் அப்படிக் குழப்பி நடத்திருப்பார்! வகுப்பு மொத்தமும் அந்தக் கேள்விக்கு எதைப் போட்டிருக்குன்னு பாத்துட்டுப் பேசுங்க.

கேமரா விசயம்: என் கருத்து, வேண்டாம். ஒத்தை அறை வீட்டுல அம்மா குறுக்க போனாலும் சந்தேகக் கொடி விழும், கரண்ட் போய் இருட்டானாலும் விழும். மேசைக்குக் கீழ இருக்குற ரெண்டாவது போனை மட்டும் அது பாக்காது. 180 பேருக்கு விழுந்த கொடியையெல்லாம் யார் உக்காந்து பாக்கப் போறாங்க? அந்தக் காசுக்கு ஒரு வினாடி வினாவைக் கல்லூரி லேப்ல வச்சிரலாம். 60 கம்ப்யூட்டர் இருந்தா மூணு தவணை, தவணைக்கு 40 நிமிசம், ஒரு சனிக்கிழமை காலையோட முடிஞ்சிரும். அங்க, தேர்வைத் தவிர வேற எதையும் திறக்க விடாத ‘சேஃப் எக்ஸாம் பிரௌசர்’ போடலாம். விண்டோஸ், மேக், ஆப்பிளோட ஐஓஎஸ் கருவிகளுக்குத்தான் அது வரும். ஆண்ட்ராய்டுக்குக் கிடையாது, அதனால வீட்டுலருந்து போன்ல எழுதுறவங்களுக்கு அதைக் கட்டாயமாக்க முடியாது.

---

நூலக_மேசை

ஒப்புமை அறிக்கை பற்றி மட்டும் எழுதுகிறேன். அதில்தான் குழப்பம் அதிகம்.

முதலில் யுஜிசி. நீங்கள் சொல்வது 2018இல் வந்த கல்வி நேர்மை, கருத்துத் திருட்டுத் தடுப்பு ஒழுங்குமுறை. அதில் நிலைகள் உண்டு: 10% வரை தண்டனை இல்லை, 10க்கு மேல் 40 வரை முதல் நிலை, 40க்கு மேல் 60 வரை இரண்டாம் நிலை, 60க்கு மேல் மூன்றாம் நிலை. ஆய்வேடு என்றால் முதல் நிலையில் 6 மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும், இரண்டாம் நிலையில் ஓராண்டுக்குத் திருத்திய படியைத் தர முடியாது, மூன்றாம் நிலையில் பதிவே ரத்து. ஆனால் அந்த ஒழுங்குமுறை எதற்குப் பொருந்தும் என்ற வரையறையைப் பலர் படிப்பதே இல்லை. முதுநிலை, ஆய்வுப் பட்டங்களுக்கான ஆய்வேடுகள், கட்டுரைகள், நூல்கள் ஆகியவற்றுக்குத்தான் அது. அசைன்மென்ட், பருவக் கட்டுரை, திட்ட அறிக்கை, பாடப் பயிற்சி, விடைத்தாள் ஆகியவற்றை அது வெளிப்படையாகவே விலக்கியிருக்கிறது. ஆக, உங்கள் பி.ஏ. மாணவரை அந்த விதியின் கீழ் ‘முதல் நிலை’ என்று சொல்ல முடியாது. உங்கள் கல்லூரி தனக்கென்று ஒரு விதி எழுதிப் பாடத் தொடக்கத்திலேயே அறிவித்திருக்க வேண்டும். அறிவித்திருக்கிறீர்களா என்பதுதான் முதல் கேள்வி.

இரண்டாவது, 38% என்பது ஒப்புமைதான். திருட்டின் அளவு என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அறிக்கையைத் திறந்து எங்கெங்கே நிறம் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். முதல் பக்கக் கல்லூரி முகவரி, வினா, துணைநூல் பட்டியல், மேற்கோள் குறிக்குள் இருப்பது, சட்டப் பிரிவின் வாசகம் இவையெல்லாம் சேர்ந்தே 20% தாண்டும். வடிகட்டியில் துணைநூலையும் மேற்கோளையும் விலக்குங்கள், சிறு ஒப்புமைகளையும் விலக்குங்கள். 2018 விதியே 14 சொல் வரை தொடர்ந்து ஒத்துப்போகும் பொதுத் தொடர்களை விட்டுவிடச் சொல்கிறது. அந்த அளவை நீங்களும் வைத்துக்கொள்ளலாம். வடிகட்டிய பிறகு 15% என்று வந்து, அந்தப் 15ம் ஒரே இணையதளத்திலிருந்து தொடர்ச்சியாக இரண்டு பக்கம் என்றால் அது திருட்டு. 30% வந்து, முப்பது இடத்திலிருந்து துண்டு துண்டாக ஒரு வரி என்றால் பெரும்பாலும் துறைச் சொல்வழக்கு.

அடிக்கடி நடக்கும் இன்னொரு கூத்து: மாணவரின் முதல் வரைவை மென்பொருளின் சேமிப்பகத்தில் சேர்த்துவிடுவார்கள். இறுதிப் படியைப் போட்டால் தன்னோடு தானே 100% ஒத்துப்போகும். வரைவைச் சோதிக்கும்போது ‘சேமிக்க வேண்டாம்’ என்பதைத் தேர்ந்துவிடுங்கள்.

இனி அந்த 0%. மாணவர்கள் உத்தமர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. மென்பொருள் எழுத்தையே பார்க்கவில்லை. காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று, எழுத்துரு. நம் ஊர் டிடிபி கடைகளில் இன்றைக்கும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்கிறார்கள். திரையில் தமிழாகத் தெரியும். கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியும் கலந்த குவியல். இணையத்தின் பொதுக் குறியீடான யூனிகோடில் இருக்கும் விக்கிப்பீடியாவோடு அது எப்படி ஒத்துப்போகும்? இரண்டு, கைப்பேசியில் படம் எடுத்துப் பிடிஎஃப் ஆக்கியது. அதில் எழுத்தே இல்லை, படம்தான். மூன்று, யூனிகோடில் எழுதிப் பிடிஎஃப் ஆக்கியிருந்தாலும் உள்ளே இருக்கும் எழுத்து வரிசை சிதைந்திருக்கும். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் கிடக்கும்.

சோதிக்க அரை நிமிடம் போதும். கோப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். படிக்கிற தமிழ் வந்தால் சரி. ஆங்கிலக் குப்பை வந்தால் எழுத்துரு மாற்றி வழியாக யூனிகோடாக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள். நகலெடுக்கவே முடியவில்லை என்றால் படம். அடுத்த முறை அறிவிப்பிலேயே “யூனிகோடு எழுத்துரு, வேர்டு கோப்பு, பிடிஎஃப் ஏற்கப்படாது” என்று போட்டுவிடுங்கள்.

யூனிகோடாக இருந்தாலும் ‘கொ’ போன்ற எழுத்தில் ககரத்தோடு சேரும் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, கணினிக்குத் தெரியும். இவற்றை ஒன்றாக்கிப் பார்க்காத மென்பொருள் கோட்டைவிடும். வேற்றுமை உருபும் சந்தியும் ஒட்டிக்கொள்வதால், ஒரு ‘ப்’ விட்டுப்போனாலே சொல் வேறாகிவிடுகிறது. அதனால் தமிழுக்குக் கைத்தேடல்தான் இன்னும் நம்பகமானது: கட்டுரையின் நடுவிலிருந்து, வல்லின ஒற்று வராத, கொஞ்சம் அபூர்வமான 5 சொல்லை எடுத்து இரட்டை மேற்கோளுக்குள் போட்டுத் தேடுங்கள். ஒரு கட்டுரைக்கு மூன்று இடத்தில் தேடினால் போதும். தமிழ் விக்கிப்பீடியா, தமிழ் இணையக் கல்விக்கழகப் பாடங்கள் இரண்டிலிருந்தும் எடுத்தவை இதிலேயே சிக்கும்.

மொழிபெயர்த்து ஒட்டியது சிக்காது. அதற்கு வேறு அடையாளம். பொருளியல் கட்டுரையில் வட்டி வர வேண்டிய இடத்தில் ‘ஆர்வம்’ என்று இருந்தால் ஆங்கிலப் பக்கம் ஒன்று பின்னால் இருக்கிறது. அந்தப் பத்தியை ஆங்கிலத்துக்குத் திருப்பி, வரும் வாக்கியத்தைத் தேடுங்கள்.

செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று சொல்லும் கருவிகளை ஆதாரமாக வைக்காதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர்கள் எழுதிய 91 டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். மனிதர் எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்று அவை சொல்லின. சின்னச் சொல்லும் நேரான வாக்கியமுமாக எழுதுகிற நம் பிள்ளைகள்தான் இதில் முதலில் மாட்டுவார்கள். துணைநூல் பட்டியலைப் பாருங்கள், அது பலன் தரும். இல்லாத நூலும் இல்லாத இதழ்க் கட்டுரையும் அதில் இருந்தால், யார் எழுதியிருந்தாலும் அது பொய்ச் சான்று. தண்டிக்க அதுவே போதும்.

---

வள்ளியூர்_மாணவன்

சார், ஒரு சந்தேகம். நண்பன் கேட்டான்னு நம்ம ஃபைலைக் கொடுத்தா, கொடுத்தவனுக்கும் மார்க் போகுமா? சேர்ந்து உக்காந்து படிக்கிறதே தப்பா?

---

தேர்வுப்பிரிவு_பழையவர்

தம்பி, சேர்ந்து படிக்கலாம், விவாதிக்கலாம், ஒரே புத்தகத்தைப் பார்க்கலாம். எழுதுவது தனித்தனியாக இருக்க வேண்டும். கோப்பைக் கொடுத்தால் கொடுத்தவரும் விசாரணைக்கு வர வேண்டியதுதான். ஆனால் தெரிந்து கொடுத்தாரா, சென்டர் கணினியில் விட்டுப்போன கோப்பை இன்னொருவர் எடுத்தாரா என்று பார்த்துத்தான் முடிவு. அதனால் சென்டரில் வேலை முடிந்ததும் கோப்பை அழித்துவிட்டு, மின்னஞ்சலிலிருந்து வெளியேறிவிட்டு எழுந்திருங்கள்.

பாளை_விரிவுரை அவர்களுக்கு: 40 கோப்பு விவகாரத்தை நடத்தும் முறை இது. வரிசை மாறினால் மேல்முறையீட்டில் நிற்காது.

முதலில் மூலக் கோப்புகளை மூடிலிலிருந்து மொத்தமாக இறக்கி, யாரும் திறந்து சேமிக்காதபடி ஒரு படியை ஒதுக்கி வையுங்கள். சமர்ப்பித்த நேரம் உள்ள பதிவையும் அப்போதே இறக்குங்கள். அச்செடுத்த ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. ஒவ்வொரு கோப்புக்கும் ஹாஷ் எண் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி போடும் அடையாள எண்) எடுத்தால், ஒரு எழுத்துகூட மாறாமல் அப்படியே போட்ட கோப்புகள் உடனே தனியாகத் தெரியும். முதல் பக்கத்தில் பெயர் மாற்றிய கோப்புகளுக்கு வேர்டின் பண்புகள் பகுதியைப் பாருங்கள்: ஆசிரியர் பெயர், உருவாக்கிய நேரம், மொத்தத் திருத்த நேரம். 12 பக்கத்துக்குத் திருத்த நேரம் 2 நிமிடம் என்றால் ஒட்டியது என்று எடுத்துக்கொள்ளலாமா? அவசரப்பட வேண்டாம். கைப்பேசியில் எழுதி வேர்டில் ஒட்டியவருக்கும் அப்படித்தான் காட்டும். ஆசிரியர் பெயர் எல்லாவற்றிலும் ஒன்று என்றால், எல்லோரும் ஒரே கடையில் தட்டச்சுக்குக் கொடுத்திருக்கலாம்; தட்டச்சுக்குக் கொடுப்பது குற்றமில்லை. இரண்டு பேரிடமும் ஒரே எழுத்துப் பிழை, அட்டவணையில் ஒரே தவறான எண், பாதியில் நிற்கும் அதே வாக்கியம், இவை பேசும்.

பிறகு எழுத்து மூலம் அறிவிப்பு. எந்தப் பக்கம், எந்தப் பத்தி, எதோடு ஒத்துப்போகிறது என்று குறித்து, ஆதாரத்தின் நகலையும் இணைத்து, பதில் சொல்ல 7 நாள் கொடுங்கள். ‘காப்பி அடித்தாய், விளக்கம் கொடு’ என்ற ஒற்றை வரி அறிவிப்பு செல்லாது. தமிழ்வழி மாணவருக்குத் தமிழில் கொடுங்கள். விசாரணைக் குழுவில் மூன்று பேர். புகார் கொடுத்த ஆசிரியர் அதில் இருக்கக் கூடாது, சாட்சியாக வரலாம். மாணவர் சொல்வதைக் கேட்டு, எழுதி, கையெழுத்து வாங்கி, காரணத்தோடு ஆணை. வகுப்பு வாட்ஸப் குழுவில் பெயர்ப் பட்டியல் போடுவதை அடியோடு நிறுத்துங்கள். முடிவாகாத புகாருக்காக ஹால் டிக்கெட்டை நிறுத்துவதும் அப்படியே. விதியில் இடமில்லாமல் அதைச் செய்தால் பிரச்சினை கல்லூரிக்குத்தான்.

தண்டனை அளவு முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். ஓரளவு நடைமுறைக்கு ஒத்துவருவது: முதல் முறை, சில பத்திகள் என்றால் மீண்டும் எழுதலாம், உச்ச மதிப்பெண் பாதி. முழுக் கோப்பும் பிறருடையது என்றால் அந்த அசைன்மென்ட்டுக்குச் சுழியம். இரண்டாம் முறை அந்தப் பாடத்தின் அகமதிப்பீடு முழுக்கச் சுழியம். ஆள்மாறாட்டம் தனி, அதைத் துறையில் வைத்து முடிக்காமல் தேர்வு முறைகேட்டுக் குழுவுக்கு அனுப்புங்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் கல்விக் குழுவில் இதை நிறைவேற்றிக்கொள்ளலாம். பல்கலைக்கழக இணைவுக் கல்லூரி என்றால் அகமதிப்பீடு வரைதான் உங்கள் கை நீளும். செமஸ்டர் தேர்வு முறைகேடு பல்கலைக்கழக விதிப்படி. மாணவருக்குக் குறை இருந்தால் 2023 யுஜிசி மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைப்படி கல்லூரிக் குழுவுக்கும், அதற்கு மேல் குறைகேட்பாளருக்கும் போகலாம். ஆணையின் கடைசிப் பத்தியில் இதைக் குறிப்பிடுங்கள்.

இப்போதைய 40 பேருக்கு எழுதிய விதி இல்லை என்றால் தண்டனை கொடுக்க முயல வேண்டாம். மறுபடி எழுதச் சொல்லுங்கள், இம்முறை வாய்மொழித் தேர்வோடு.

---

அம்பை_பொருளியல்

விசாரணை முறை சரிதான். ஆனால் “பணவீக்கத்தின் காரணங்களை விவரி” என்று ஒரு கேள்வியை 180 பேருக்கும் கொடுத்துவிட்டு, 40 கோப்பு ஒன்றுபோல் வருகிறது என்று ஆச்சரியப்பட்டால் எப்படி? அதற்கு உலகத்தில் ஒரே விடைதான் இருக்கிறது, அது இணையத்தில் கிடக்கிறது.

ஊரைக் கேள்விக்குள் கொண்டுவாருங்கள். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு இருக்கிறது, கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை. உங்கள் ஊருக்கு எந்தக் கால்வாய்த் தண்ணீர், கார் பருவச் சாகுபடியா பிசானப் பருவமா, கடைமடையில் ஒரு விவசாயியிடமும் தலைமடையில் ஒருவரிடமும் கேட்டு, ஏக்கருக்கு உழவு, நடவு, உரம், அறுப்புச் செலவு என்ன என்று எழுதச் சொல்லுங்கள். ஆற்றுப் பாசனம் இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிணறும் குளமும். மேலப்பாளையம், தென்காசிப் பக்கம் என்றால் பீடி சுற்றும் வீட்டு வருமானக் கணக்கு. பாளையில் இருப்பவர்களுக்கு மகாராஜநகர் உழவர் சந்தை விலைப்பலகை: 10 காய், 4 வாரம், தேதியோடு புகைப்படம், அதை வைத்து விலைக் குறியீட்டெண் போடச் சொல்லுங்கள்.

இதிலும் கள்ளம் செய்வார்கள். வீட்டில் உட்கார்ந்து எண்ணை இட்டுக்கட்டுவார்கள். அதனால் ஒரே நாளில் வாங்காதீர்கள். 2ஆம் வாரம் யாரைக் கேட்கப் போகிறேன், என்ன கேள்வி. 4ஆம் வாரம் கைப்பட எழுதிய தரவுத்தாளின் புகைப்படம். 6ஆம் வாரம் கட்டுரை. 10 மதிப்பெண்ணில் தரவுத்தாளுக்கு 2, கட்டுரைக்கு 3, வாய்மொழிக்கு 5. இட்டுக்கட்டிய தரவு பார்த்தாலே தெரியும்: எல்லாச் செலவும் 500, 1000 என்று உருண்டையாக இருக்கும், நாலு வாரமும் தக்காளி விலை அசையாது.

வாய்மொழித் தேர்வை நான் விடவே மாட்டேன். ஆளுக்கு 5 நிமிடம், 180 பேருக்கு 15 மணி நேரம். இரண்டு ஆசிரியர் ஐந்து நாள் பங்கு போட்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம்தான். வீடியோ அழைப்பில் அடையாள அட்டையை முகத்தோடு காட்டச் சொல்லிவிட்டு மூன்று கேள்வி: இந்த எண்ணை யாரிடம் வாங்கினாய், இந்த அட்டவணையில் இந்தச் செலவு இருமடங்கானால் முடிவு எப்படி மாறும், கட்டுரையில் நீயே எழுதியிருக்கும் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள். மூன்றாவதில் முழிக்கிறவர் எழுதவில்லை. இதில் ஒரு சௌகரியம், செயற்கை நுண்ணறிவா, அண்ணனா, சென்டர்காரரா என்று தேட வேண்டியதே இல்லை. தெரியாதவருக்கு 5 மதிப்பெண் போகும், அவ்வளவுதான். விசாரணையும் இல்லை, நோட்டீசும் இல்லை. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள் தெரிந்தும் தடுமாறும். அவர்களுக்கு எழுதிய கட்டுரையைக் கையில் வைத்துக்கொள்ள அனுமதியுங்கள், தமிழிலேயே கேளுங்கள்.

15 மணி நேரமும் முடியாது என்றால், குலுக்கலில் 30 பேர், சந்தேகத்துக்குரியவர்கள் அத்தனை பேர். யார் வருவார்கள் என்று முந்தின நாள் வரை சொல்லாதீர்கள்.

---

பாளை_விரிவுரை

அண்ணாச்சி, அந்த 2, 3, 5 பங்கீடு நல்ல யோசனை. பாடக் குழுவில் வைக்கிறேன். கடைசியாக ஒன்று. கூடுதல் கிரெடிட்டுக்காக என்பிடெல் (ஐஐடி இணையவழிப் பாடம்) சான்றிதழ் கொண்டுவருகிறார்கள். இரண்டு மூன்று சான்றிதழ்களில் எண் மாற்றியிருப்பதுபோல் இருக்கிறது. எப்படிச் சரிபார்ப்பது?

---

நூலக_மேசை

சான்றிதழில் கியூஆர் குறி இருக்கும். ஸ்கேன் செய்து திறக்கும் பக்கத்தை நம்புவதற்கு முன், முகவரிப் பட்டையில் அது என்பிடெல்லின் சொந்தத் தளம்தானா என்று பாருங்கள். போலி ஆவணத்தில் போலிக் குறி வைத்து, அசல் போலவே ஒரு பக்கத்துக்கு அனுப்புவது ஒன்றும் கடினமில்லை. திறக்கும் அசலில் பெயர், பாடம், மதிப்பெண் மூன்றும் கையில் உள்ள தாளோடு ஒத்துப்போக வேண்டும்.

குறி இல்லாமலே கண்டுபிடிக்கக் கூட்டிப் பாருங்கள். வழக்கமான பாடங்களில் அசைன்மென்ட் 25க்கு, நேரில் எழுதும் தேர்வு 75க்கு. இரண்டும் சேர்ந்ததுதான் மொத்தம். 25க்கு 10ம், 75க்கு 30ம் இருந்தால்தான் சான்றிதழே வரும். சான்றிதழின் தலைப்பு 60 முதல் எலைட், 75 முதல் எலைட் வெள்ளி, 90 முதல் எலைட் தங்கம். மொத்தத்தைத் திருத்துகிறவர் பகுதி எண்ணைத் திருத்த மறப்பார், அல்லது எண்ணைத் திருத்திவிட்டுத் தலைப்பை விட்டுவிடுவார். 78 என்று போட்டு வெறும் எலைட் என்று இருந்தால் அந்தத் தாளைத் தனியே எடுத்து வையுங்கள்.

மாணவர் கொண்டுவரும் அச்சுப் படியை வாங்குவதையே நிறுத்திவிட்டு, டிஜிலாக்கரிலும், மாணவரின் கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் கல்வி வரவு வங்கிக் கணக்கிலும் ஏறியிருப்பதை மட்டும் கிரெடிட்டாக எடுத்துக்கொண்டால் இந்த வேலை பாதி குறையும். பெயர் எழுத்துக்கூட்டலும் பிறந்த தேதியும் ஆதாரில் இருப்பதுபோலப் பொருந்தாவிட்டால் அங்கே ஏறாமல் நிற்கும். அதைப் பருவத் தொடக்கத்திலேயே சரிசெய்யச் சொல்லிவிடுங்கள்.